டுரியானை முதன்முறை சாப்பிடப் போகிறீர்களா? மலேசியாவுக்கு டிக்கெட் எடுக்கும் முன் படித்துவிடுங்கள்

முதல் தடவை நான் மலேசியா போனது ஒரு மார்ச் மாதம். கோலாலம்பூரில் வெளிநாட்டுக்காரர்கள் மொய்க்கும் ஒரு தெருவில், வெள்ளைத் தெர்மோகோல் தட்டில் வைத்து பிளாஸ்டிக் தாள் சுற்றிய நாலு டுரியான் சுளையை 45 வெள்ளி கொடுத்து வாங்கினேன். டுரியான் என்றால் பலாவைப் போல முள் தோலும் உள்ளே சுளையும் உள்ள, வாசனை மிகத் தூக்கலான பழம். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். சுளை சொதசொதவென்று நீர் விட்டிருந்தது. ஒரு வாய் வைத்ததும் என் மனைவி துப்பிவிட்டாள். மீதியைக் குப்பையில் போட மனசு வராமல் ஓட்டல் அறைக்கு எடுத்துப் போனேன். மறுநாள் அறையைக் காலி செய்யும்போது துப்புரவுக் கட்டணம் என்று 300 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் தடவை போனது ஜூலை மாதம், பினாங்குக்கு. மனைவியும் மாமனாரும் கூட வந்தார்கள். அன்று காலை தோட்டத்தில் பொறுக்கிய பழத்தை எங்கள் கண்முன்னால் உடைத்துக் கொடுத்தார்கள். முன்பு துப்பியவள், "இன்னொண்ணு உடைக்கச் சொல்லுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு, டுரியான் பிடிக்காது என்று சொல்பவர்களிடமெல்லாம் எங்கே, எந்த மாதம், எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். சீசன் இல்லாத மாதம், தட்டில் அடைத்த சுளை, எப்போது உடைத்தது என்றே தெரியாது. பெரும்பாலும் எனக்கு நடந்ததேதான். இந்தப் பழத்தின் வாசனை நேரம் ஆக ஆக மாறிக்கொண்டே போகும். உடைத்த அரைமணிக்குள் சாப்பிடுவதும், அடைத்து வைத்து ராத்திரி சாப்பிடுவதும் இருவேறு பழங்களைச் சாப்பிடுவதுபோல. சரியான மாதம், சரியான இடம், உடைத்த உடனே சாப்பிடுவது, இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் மாதம், பிறகு டிக்கெட்

மலேசியாவில் பெரிய சீசன் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. பினாங்கில் மே கடைசியிலேயே பழம் இறங்க ஆரம்பித்துவிடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சில பகுதிகளில் சின்ன சீசன் ஒன்று உண்டு. மழை தப்பினால் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே போகும். அதனால் விளிம்பு மாதங்களை நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்து, முதன்முறை போகிறவர்களுக்கு ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை முடியும் வரைதான் பத்திரமான காலம். அப்போது வரத்து அதிகம், விலை இறங்கும், கடைக்காரரும் தைரியமாகப் பழத்தை மாற்றிக் கொடுப்பார்.

விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று மார்ச், ஏப்ரலில் போனால் கடையில் பழம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது எங்கிருந்து வந்தது, உறைபெட்டியில் எத்தனை நாள் இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு பழத்தில் போய்விடும்.

தாய்லாந்துதான் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அங்கே சந்தபுரி, ராயோங் பக்கத்துப் பழம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வரும், அதன்பின் தெற்கத்திப் பழம் வரும். அங்கே பழத்தை மரத்திலிருந்து வெட்டி எடுத்துப் பழுக்க வைப்பார்கள். மலேசியாவில் பழுத்துத் தானாக விழுவதைத்தான் பொறுக்குவார்கள். அதனால் தாய்லாந்தின் மோந்தோங் ரகம் வாசனை குறைந்தும், கொஞ்சம் கெட்டியாகவும், தித்திப்பாகவும் இருக்கும். மூக்குக்கு ரொம்பப் பயப்படுகிறவர்கள் அதில் தொடங்கலாம். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மலேசியாவுக்குத்தான்.

2. காகித வேலை

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா போக விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். 30 நாள் வரை தங்கலாம். அதற்குப் பிறகு போகிறவர்கள், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், தங்கள் விதியைத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, கைச்செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி, மூன்றையும் தாளில் அச்சடித்தே எடுத்துப் போங்கள். வரிசையில் நிற்கும்போது போனில் சார்ஜ் இல்லாமல் தவித்த ஒருவரை என் கண்ணாலேயே பார்த்தேன்.

விசா வேண்டாமே தவிர, மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். 2024 ஜனவரி 1 முதல் வந்த விதி இது. போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி, இவ்வளவுதான் கேட்பார்கள். பத்து நிமிட வேலை. சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் ஜொகூர் வழியாக நுழைந்தாலும் இது வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் தேடினால், பணம் கேட்கும் தனியார் தளங்கள் மேலே மேலே வந்து நிற்கும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் அரசுத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். கார்டு எண் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

3. உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்

பலாப்பழத்தைப் போலவே இதையும் சூடு என்பார்கள். அந்தப் பேச்சு இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 100 கிராம் டுரியானில் ஏறக்குறைய 147 கலோரி, 27 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு, 436 மில்லிகிராம் பொட்டாசியம். நல்ல பழத்தில் பெரிய சுளைகள் மூன்று சாப்பிட்டாலே 100 கிராமைத் தாண்டிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு இருந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், கிளம்பும் முன்னாலேயே தங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கே போய்ப் பழத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு முடிவெடுக்க முடியாது.

என் மாமனாருக்குச் சர்க்கரை. அவருடைய மருத்துவர் இரண்டு சுளைக்கு மேல் கூடாது என்றார், அன்று மதியம் சோற்றையும் குறைக்கச் சொன்னார். அவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஒன்றை முடிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு, நாக்கில் வைத்து வைத்துச் சாப்பிட்டார்.

மதுவும் டுரியானும் ஒன்றாகச் சேரக் கூடாது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் 2009இல் சோதனைக் கூடத்தில் செய்து பார்த்ததில், மதுவை உடல் முறிக்கும்போது வேலை செய்யும் ஒரு நொதியின் வேகத்தை டுரியான் சாறு 70 சதவீதம் வரை குறைத்தது தெரியவந்தது. அது சோதனைக் குழாயில் கண்டதுதான் என்றாலும், பழம் சாப்பிடும் நாளில் குடிக்காமல் இருப்பதே நல்லது.

4. அறையும் வண்டியும்

எனக்குப் பணம் போனது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டல் வாசலிலும் லிஃப்டிலும் முள் பழத்தின் படத்தைச் சிவப்புக் கோட்டால் அடித்து ஒட்டியிருப்பார்கள். அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. வாசனை மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏசியிலும் ஏறிவிட்டால், அடுத்தவருக்கு அந்த அறையைக் கொடுக்க முடியாது. அபராதம் 200, 300 வெள்ளி என்று ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். முன்பதிவின்போது நாம் படிக்காமல் சரி என்று அழுத்திய விதிகளில் அது எழுதியிருக்கும். நான் மூன்று உறை போட்டுக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன், அப்படியும் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தபோது வாசனை அறைக்குள் பரவியது. ஃபிரிட்ஜின் ரப்பர் விளிம்பில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது, துடைத்தாலும் போகவில்லை.

ஆகவே மூடி போட்ட டப்பா, இறுக்கிய உறை, எதை நம்பியும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கோலாலம்பூரின் எல்ஆர்டி ரயிலிலும், சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலிலும் டுரியான் கொண்டுபோகத் தடை. வாடகைக் கார் ஓட்டுநர்கள் பழத்தைப் பார்த்தால் ஏற்ற மாட்டார்கள், ஏற்றிய பிறகு தெரிந்தால் கார் துப்புரவுக்குத் தனியாகக் கேட்பார்கள். சுயமாக ஓட்ட வாடகைக்கு எடுத்த காரிலும் இதே பிரச்சினைதான். கடைக்குப் போக எதில் வேண்டுமானாலும் போகலாம், திரும்பும்போது வெறுங்கையோடு வந்தால் எந்தச் சிக்கலும் இல்லை.

5. எங்கே போய்ச் சாப்பிடுவது

பினாங்குத் தீவில் என்றால் பாலிக் புலாவ். தீவின் மேற்குப் பக்கம், மலைக்கு அந்தப்புறம் இருக்கிற தோட்டப் பகுதி. ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து 401 என்ற பஸ் போகிறது. நேரம் பிடிக்கும், ஆனால் கட்டணம் குறைவு. மூன்று பேர் என்பதால் நாங்கள் போகும்போது கார் பிடித்தோம், 34 வெள்ளி ஆயிற்று. அங்கிருந்து திரும்பக் கார் கிடைப்பது சிரமம். சாயங்காலம் ஆகும் முன் கிளம்பிவிடுங்கள், அல்லது பஸ் நேரத்தை முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

தோட்டத்துக்குள் போக ஆசைப்பட்டால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். மரத்தடியில் தன்னிச்சையாக நடக்காதீர்கள். பழுத்த பழம் சொல்லாமல் விழும். ஒன்றரை, இரண்டு கிலோ முள் உருண்டை ஆளுயரத்துக்குப் பல மடங்கு மேலேயிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். இரவிலும் விடிகாலையிலும்தான் அதிகம் விழும், அதைக் காலையில் பொறுக்குவார்கள். அதனால் முற்பகல் பதினொரு மணியிலிருந்து மதியம் மூன்று மணிக்குள் போய்விட்டால் அன்றைய பழம் கிடைக்கும்.

கோலாலம்பூரை விட்டு நகர முடியாதவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவின் எஸ்எஸ்2 பகுதி இருக்கிறது. தாமான் பஹாகியா எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகிற தூரம். மேசை நாற்காலி போட்டு, உட்கார்ந்து சாப்பிட வைக்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். சாயங்காலத்துக்கு மேல்தான் களைகட்டும். பகாங் மாநிலத்தின் ரவூப் வட்டாரம் மூசாங் கிங் என்ற ரகத்துக்குப் பேர்பெற்றது. ஆனால் ஒரு பழத்தை ருசி பார்க்க அவ்வளவு தூரம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சுற்றுலாத் தெருக்களில், தட்டில் அடைத்து வைத்த சுளை மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த ரகம், எப்போது உடைத்தது, இரண்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

6. எந்த ரகத்தில் தொடங்குவது

பலகையில் பெயரும் எண்ணும் கலந்து எழுதியிருப்பார்கள். 'டி' என்று ஆரம்பிப்பது மலேசிய விவசாயத் துறையின் பதிவு எண். நான்கைந்து பெயர் தெரிந்தால் போதும்.

கம்போங் என்றால் கிராமம். விதை போட்டுத் தானாக வளர்ந்த மரத்துப் பழத்தைக் கம்போங் டுரியான் என்பார்கள். சின்னதாக இருக்கும், கொட்டை பெரிது, சதை குறைவு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ருசி. விலை எல்லாவற்றிலும் குறைவு.

உடாங் மேரா, அதாவது சிவப்பு இறால், டி175. சதையில் ஓர் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். தித்திப்புத் தூக்கல், கசப்புக் குறைவு. பினாங்கில் நன்றாகக் கிடைக்கும்.

டி24. வெளிர் மஞ்சள் சதை, தித்திப்போடு லேசான கசப்பு. விலையும் நடுத்தரம்.

மூசாங் கிங், டி197. 1993இல் பதிவானது. ராஜா குன்யிட் என்றும் பெயர், குன்யிட் என்றால் மஞ்சள். சதையின் நிறம் அரைத்த மஞ்சளேதான். தித்திப்பு முதலில் வரும், பின்னாலேயே ஒரு கசப்பு வந்து நாக்கில் நிற்கும். அந்தக் கசப்புக்காகத்தான் இந்த விலை. இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு: பழத்தின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், முள் இல்லாத ஐந்துமுனை நட்சத்திரக் கோடு தெரியும். பழுத்தாலும் தோல் பச்சை கலந்தே இருக்கும்.

டூரி ஹீத்தாம், அதாவது கருமுள், டி200. உருண்டையாகப் பூசணிக்காய் மாதிரி இருக்கும். அடியில் நடுவே கருப்பாக ஒரு காம்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் விலை கூடியது.

பாலிக் புலாவ் கடையில் வேலை செய்த அக்கா தமிழில் பேசினார். நான் போனதுமே மூசாங் கிங் கேட்டேன். "மொதத் தடவையா தம்பி? அப்ப அத கடைசியில வைங்க. கசப்ப மொதல்ல தின்னுட்டா மத்ததெல்லாம் சப்புன்னு இருக்கும்" என்றார். சிவப்பு இறால் ஒன்று, பிறகு மூசாங் கிங் ஒன்று என்று அவரே எடுத்து வைத்தார். அந்த வரிசையையே உங்களுக்கும் சொல்கிறேன். இருவர் மூவராகப் போனால் இரண்டு சின்னப் பழம் போதும், தனியாகப் போனால் ஒன்றே அதிகம்.

7. விலையும் எடையும்

விலை எப்போதும் முள் தோலோடு சேர்த்த எடைக்குத்தான். அதில் சாப்பிடக்கூடிய சதை ஏறக்குறைய கால் பங்கு, மிஞ்சினால் முப்பது சதவீதம். நான் போன ஜூலையில் மூசாங் கிங் கிலோ 48 வெள்ளி. எங்கள் பழம் 1.6 கிலோ, 76 வெள்ளி 80 சென் கொடுத்தோம். கையில் வந்த சதை நானூறு கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். சிவப்பு இறால் கிலோ 25 வெள்ளி, அந்தப் பழம் 1.4 கிலோ, 35 வெள்ளி. பக்கத்தில் கம்போங் பழத்தைக் குவியலாகப் போட்டு ஒன்று 10 வெள்ளி என்று விற்றார்கள். வரத்தைப் பொறுத்து இந்த விலையெல்லாம் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். போகும் அன்று இரண்டு கடையில் கேட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கவனிக்க வேண்டியவை:

பலகையில் உள்ள விலை கிலோவுக்கா, நூறு கிராமுக்கா, பழத்துக்கா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் பயணத்தில் ஒரு கடையில் 6 வெள்ளி என்று பெரிதாக எழுதியிருந்தது, கீழே சின்ன எழுத்தில் நூறு கிராம் என்று இருந்தது.

தராசு முள்ளோ எண்ணோ உங்கள் பக்கம் தெரிய வேண்டும். எடை போட்ட பழத்தில் இருந்து கண்ணை எடுக்காதீர்கள். மேசைக்கு வருவது அதே பழம்தானா என்று பாருங்கள்.

உடைக்கும் முன்பே மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். உடைத்த பிறகு பேரம் இல்லை.

பழம் கெட்டிருந்தால் மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். மலாயில் "போலே துக்கார்?" என்றால் போதும். நல்ல கடைக்காரர் தயங்காமல் தலையாட்டுவார். தயங்கினால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

ரொக்கமாக எடுத்துப் போங்கள். உள்ளூர் போன் செயலிகளில் பணம் வாங்குவார்களே தவிர நம்முடைய கார்டை எல்லாக் கடையிலும் எடுக்க மாட்டார்கள். மூன்று பேருக்கு 150 வெள்ளி இருந்தால் பழம், தண்ணீர், மங்குஸ்தீன் எல்லாம் அடங்கிவிடும்.

தலைக்கு இவ்வளவு, வேண்டும் மட்டும் சாப்பிடலாம் என்று விற்கும் கடைகளும் உண்டு. முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கு அது நஷ்டம். மூன்று நான்கு சுளையில் வயிறு நிறைந்துவிடும்.

8. பழத்தைப் பார்ப்பதும் உடைப்பதும்

காம்பைப் பாருங்கள். பச்சையாக, ஈரப்பசையோடு இருந்தால் அன்றோ முதல்நாளோ விழுந்தது. சுருங்கிக் காய்ந்திருந்தால் நாள் ஆகிவிட்டது. தோல் தானாக வெடித்திருந்தால் வேண்டாம். முள்ளுக்கு இடையில் ஊசித் துளையும், மரத்தூள் மாதிரி சிந்தலும் இருந்தால் உள்ளே புழு. காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே சுளை லேசாக அசைவது கேட்க வேண்டும். அசையவே இல்லை என்றால் இன்னும் பழுக்கவில்லை, தளதளவென்று ஆடினால் கனிந்துபோய்விட்டது. கையில் தூக்கும்போது கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த முள் உண்மையிலேயே குத்தும்.

உடைக்கும் வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள். பழத்தின் அடியில் கத்தி முனையைச் செருகி ஒரு திருப்பு திருப்புவார். தோலில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் தையல் வழியே பிளந்துகொண்டு போகும். உள்ளே வெள்ளை மெத்தை மாதிரி அறைகள், பெரும்பாலும் ஐந்து. ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சுளைகள். முதலில் ஓர் அறையை மட்டும் திறந்து உங்களிடம் நீட்டுவார். விரல் நுனியால் சுளையைத் தொட்டுப் பாருங்கள். மேலே மெல்லிய தோல் போலச் சற்று உலர்ந்து, அழுத்தினால் உள்ளே வெண்ணெய் போல அமுங்க வேண்டும். நீர் கசிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, பச்சைக் காய் போலக் கடினமாக இருந்தாலோ அப்போதே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு சுளை தின்றுவிட்டுச் சொன்னால் செல்லாது.

9. சாப்பிடும் முறை

வெறும் வயிறும் வேண்டாம், விருந்து சாப்பிட்ட வயிறும் வேண்டாம். மதியச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்து உட்காருங்கள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடச் சொல்வார்கள். கேட்காதீர்கள், பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் எதையும் வாயில் வைக்காமல் சும்மா உட்கார்ந்திருங்கள். மூக்கு பழகிவிடும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் மோந்தோங் ரகத்தை ஆராய்ந்து 2017இல் எழுதிய கட்டுரையில், பழ வாசனை தரும் சேர்மம் ஒன்றும், வறுத்த வெங்காய வாசனை தரும் கந்தகச் சேர்மம் ஒன்றும் சேர்ந்தாலே டுரியான் வாசனை ஏறக்குறைய வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். அதைத் தெரிந்துகொண்டு முகர்ந்தால் இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பிடிக்க முடிகிறது. மேலே தாக்குவது வெங்காயம், அதன் அடியில் பழுத்த பழத்தின் மணம் இருக்கிறது. அந்த மணம் மூக்குக்குப் பிடிபட்டபோதுதான் என் மனைவி கையை நீட்டினாள்.

கரண்டி கேட்காதீர்கள். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் கையுறையைப் போட்டுக்கொண்டு சுளையைக் கொட்டையோடு எடுத்து, கொஞ்சமாகக் கடித்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். மெல்ல வேண்டிய தேவையே இல்லை. பால்கோவா பதத்தில் கரையும். மூசாங் கிங்கில் தித்திப்பு போனபிறகு ஒரு கசப்பு எழும், காபி குடித்தபின் தொண்டையில் நிற்பது போல. அது வரும்வரை அடுத்த வாய் எடுக்காதீர்கள். கொட்டையைப் பச்சையாகக் கடிக்க வேண்டாம், வேகவைத்தால்தான் தின்னலாம்.

இடையிடையே தண்ணீர் குடியுங்கள். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்று அங்கே சேர்த்தே விற்பார்கள், சீசனும் ஒன்றாகவே வரும். அதன் புளிப்பு, இந்தக் கொழகொழப்பை அறுத்துக்கொண்டு போகிறது. மங்குஸ்தீன் தோலின் சாயம் துணியில் பட்டால் போகாது, பார்த்து உடையுங்கள்.

முதல் சுளை பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்திக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடம் விட்டு வேறு ரகத்தில் ஒரு சின்னக் கடி எடுத்துப் பாருங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் நாக்குக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். பக்கத்து மேசையில் பகிர்ந்துகொள்ளத் தயாராக எப்போதும் யாராவது இருப்பார்கள்.

10. கை, வாய், உடுப்பு

பழத்தின் வெறும் தோலைக் கிண்ணம் மாதிரி பிடித்து, சுளை இருந்த குழியில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் கை கழுவச் சொல்வார்கள். சிலர் அதில் உப்புப் போட்டுக் குடிக்கவும் செய்வார்கள். கை கழுவிப் பார்த்தேன், விரலில் வாசனை நன்றாகவே குறைந்தது. ஏப்பத்தில் வருவது மறுநாள் காலைவரை இருக்கும், அதற்கு மருந்து இல்லை. அன்று சாயங்காலம் விமானமோ நீண்ட தூரப் பஸ்ஸோ ஏறும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். பருத்திச் சட்டை போட்டுப் போய், அறைக்கு வந்ததும் துவைத்துவிடுங்கள்.

11. ஊருக்குக் கொண்டுவர நினைத்தால்

புதுப்பழத்தை மறந்துவிடுங்கள். விமானத்தின் பயணிகள் பகுதியில் அதைக் கொண்டுபோக விமான நிறுவனங்கள் விடுவதில்லை. இந்தியாவுக்குள் புதுப்பழமோ விதையோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஊரில் நட்டுப் பார்க்கலாமே என்று கொட்டையைக் கழுவிப் பெட்டியில் போடுகிறவர்கள் உண்டு, அதற்கும் இதே விதிதான். உறைய வைத்து வெற்றிட உறையில் அடைத்துத் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழியில் உருகினால் பெட்டி முழுவதும் போய்விடும்.

உறைய வைத்து உலர்த்திய வறுவல், டுரியான் டோடோல் என்ற அல்வா, மிட்டாய், இவை தொழிற்சாலையில் மூடிய பாக்கெட்டில் கிடைக்கும். உலர்த்திய சுளைதான் அசல் ருசிக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. பெயர், தயாரித்த இடம், காலாவதித் தேதி அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். பிரிக்காமல் இன்னொரு உறையில் போட்டு, ரசீதோடு பெட்டியின் மேல்பக்கமே வையுங்கள். சுங்கத்தில் கேட்டால் துணிகளைக் கலைக்காமல் எடுத்துக் காட்டலாம்.